எடைக்கல்லுக்கு முத்திரை உண்டு, கடிகாரத்துக்கு?

எடைக்கல்லில் முத்திரை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமது வணிகப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை கட்டணம் கட்டி முத்திரை வாங்குகிறோம். சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்கிறோம். தேதி தவறினால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து நிற்கிறார், அபராதமும் கட்டுகிறோம். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் ஊர் முழுக்க ஒரு கிலோ என்பது ஒரே கிலோவாக இருப்பதால்தான் வாங்குகிறவரும் விற்கிறவரும் முகம் பார்த்துப் பேச முடிகிறது என்பதை நாம் மறுத்ததில்லை.

அதே கடைக்குள் இன்னொரு அளவை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முத்திரையும் இல்லை, கேள்வி கேட்பவரும் இல்லை. அதுதான் நேரம்.

ஒரு நடுத்தர மளிகைக் கடையில் எத்தனை கடிகாரம் இருக்கிறது என்று கேட்டால் சுவரைக் காட்டி ஒன்று என்பார்கள். பில் போடும் கம்ப்யூட்டருக்குள் ஒன்று இருக்கிறது. கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டியான டி.வி.ஆருக்குள் ஒன்று. சீட்டு அச்சடித்துத் தரும் தராசில் ஒன்று. கார்டு தேய்க்கும் இயந்திரத்தில் ஒன்று. சிப்பந்திகள் விரல் வைக்கும் வருகைப் பதிவுப் பெட்டியில் ஒன்று. முதலாளியின் செல்போனில் ஒன்று. மொத்தக் கடையாக இருந்தால் மாடிக்கும் குடோனுக்கும் கம்பி பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்குள்ளும் ஒன்று. இன்றிரவு கடை சாத்தும் முன் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கடிகாரம் ஒரே நிமிடத்தைக் காட்டினால் அது அதிர்ஷ்டம்.

இதில் யாருடைய மோசடியும் இல்லை. இந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது சின்னக் குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிசகலாம் என்பது சாதாரணப் படிகத்துக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் சலுகை. கேட்க அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஒன்றேமுக்கால் நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 நொடி, ஆண்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வருகிறது. தகரக் கூரை போட்ட குடோனின் வெக்கையில் படிகம் இன்னும் பிசகும். மூன்று ஆண்டுக்கு முன் மாட்டிய டி.வி.ஆர். அரை மணி நேரம் முன்னேயோ பின்னேயோ ஓடினால், பெட்டி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. அதை யாரும் சரிபார்க்கவில்லை என்றுதான் பொருள்.

நேரம் கொஞ்சம் முன்பின் இருந்தால் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்கும் நண்பர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறோம். இரவு கல்லாவை முடிக்கும்போது 2,860 ரூபாய்க்கான ஒரு பில்லுக்கு யு.பி.ஐ. பணம் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். போலியான செல்போன் படத்தைக் காட்டிவிட்டுச் சரக்கை எடுத்துப் போய்விட்டார் ஒருவர். பில் கம்ப்யூட்டர் மாலை 7.42 என்கிறது. டி.வி.ஆரில் 7.42-க்குப் போய்ப் பார்க்கிறோம். பத்து ஆண்டாக நம்மிடமே சாமான் வாங்கும் ஒரு வாடிக்கையாளர், கையில் குழந்தையோடு கல்லா முன் நிற்கிறார். டி.வி.ஆர். 23 நிமிடம் முன்னே ஓடுகிறது என்பது நமக்குத் தெரியாது. ஏமாற்றியவனின் முகம் அந்தப் பெட்டியில் 8.05-ல் இருக்கிறது. நாம் போன் செய்வது யாருக்கு? அந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், கேட்ட பிறகு அந்தக் குடும்பம் நம் கடைப் படியை மிதிக்குமா?

வாடிக்கையாளர் இடத்தில் கடைச் சிப்பந்தியை வைத்துப் பாருங்கள். கல்லாவில் குறைந்த பணத்துக்கு, அந்த நேரத்தில் அங்கே நின்றதாகப் பெட்டி காட்டும் பையன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவன் வேலை போகும், ஊருக்குத் திரும்பும்போது பெயரும் போயிருக்கும். நம்மிடம் நம்பி வந்த பிள்ளையின் மானம் ஒரு படிகத்தின் பிசகில் தொங்கலாமா? இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

பின்னால் வருபவையும் சின்ன விஷயங்கள் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம், தனது 63-ஆம் பிரிவில், எலக்ட்ரானிக் பதிவைச் சாட்சியமாகக் கொடுப்பவர் கையெழுத்திட்ட சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்கிறது. பெட்டி ஒழுங்காக இயங்கியது என்று நாம் எழுதிக் கொடுத்துவிட்டு, நேரம் மட்டும் 23 நிமிடம் தப்பு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காட்டினால் மீதியை யார் நம்புவார்கள்? இ-வே பில் விஷயத்தைப் பாருங்கள். காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரைதான் அதை நீட்டிக்க முடியும். நள்ளிரவில் முடியும் பில்லுக்குக் காலை எட்டு மணியோடு கதவு சாத்தப்படுகிறது. நமது குமாஸ்தாவின் கம்ப்யூட்டர் 7.50 காட்டும்போது அரசின் கம்ப்யூட்டரில் 8.10 ஆகியிருந்தால், வழியில் நிற்கும் லாரிக்கு யார் பொறுப்பு? அரசின் கம்ப்யூட்டர் நமது கடிகாரத்தைக் கேட்டு நடப்பதில்லை.

இனி சுவிட்சுக்கு வருவோம். விளக்குப் போடும் சுவிட்சைச் சொல்லவில்லை. பில் கம்ப்யூட்டர், கேமரா, டி.வி.ஆர். எல்லாவற்றின் கம்பியும் வந்து செருகப்படும் பெட்டியைச் சொல்கிறோம். ஐந்து துளை, எட்டுத் துளை உள்ள மலிவான பெட்டிகளுக்குள் கடிகாரமே கிடையாது. அவற்றில் அமைக்கவும் ஒன்றுமில்லை. கவலை 'மேனேஜ்டு' என்று சொல்லி விற்கப்படும் 24 துளை, 48 துளைப் பெட்டிகளைப் பற்றியது. வணிக வளாகங்களிலும் பெரிய மண்டிகளிலும் மாடிக்கு ஒன்றாக இவை இருக்கின்றன. எந்தத் துளையில் எந்த நேரத்தில் இணைப்பு அறுந்தது, எப்போது திரும்ப வந்தது, யார் உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றினார் என்று இவை தமக்குள் ஒரு நாள்வழி எழுதுகின்றன. பின்வாசல் கேமரா நள்ளிரவில் இருண்டுபோனால், யாராவது கம்பியைப் பிடுங்கினார்களா, இல்லை மாடி முழுவதற்கும் மின்சாரம் போனதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி இந்த நாள்வழிதான்.

ஆனால் அந்தச் சாட்சி எந்த ஆண்டில் வாழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல சுவிட்சுகளுக்குள் நேரத்தைக் காத்து வைக்க பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் பிறந்த தேதிக்கே திரும்பிவிடும். பெரிய அலுவலகங்களில் காணப்படும் சிஸ்கோ சுவிட்சுகள், நேரம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாவிட்டால், 1993 மார்ச் 1 என்று கண் விழிப்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழகிப்போன காட்சி. வேறு பல பெட்டிகளுக்கு 1970 ஜனவரி 1. நம் நாட்டு நேரத்துக்கு அமைக்கப்பட்டிருந்தால் அன்று விடிகாலை 5.30. மின்வெட்டு நமக்குப் புதிதா? வளாகத்தில் மூன்று சுவிட்ச் இருந்தால், ஒன்று 1993-லும், ஒன்று 1970-லும், யாரோ கையால் நேரம் வைத்த மூன்றாவது 12 நிமிடம் பின்னாலும் இருக்கும். இந்த மூன்று நாள்வழியையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு திருட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எந்தப் போலீஸ்காரரால் முடியும்?

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் என்பவர் 1985-லேயே இதற்கான வழிமுறையை வெளியிட்டார். 2024 ஜனவரியில் அவர் காலமானார். நெட்வொர்க் டைம் புரோட்டோகால், சுருக்கமாக என்.டி.பி., என்ற அந்த வழிமுறையின் நான்காவது பதிப்பு 2010-ல் வந்தது. நம் கையில் உள்ள பெரும்பாலான பெட்டிகளுக்கு அது ஏற்கெனவே தெரியும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, திறந்துவிட்டால் போதும்.

அது செய்யும் வேலையை நமது பாஷையில் சொல்கிறோம். தெருக்கோடியில் நம்பகமான கடிகாரம் ஒன்று இருக்கிறது. பையனை அனுப்பி மணி கேட்டு வரச் சொல்கிறீர்கள். அவன் புறப்பட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் நம் கடிகாரத்தில் குறித்து வைக்கிறீர்கள். போய்வர எட்டு நிமிடம் ஆனது என்றால், அங்கே அவன் மணி பார்த்து நான்கு நிமிடம் ஆகிவிட்டது. ஆகவே அவன் சொன்ன நேரத்தோடு நான்கைக் கூட்டி நம் கடிகாரத்தை வைக்கிறோம். என்.டி.பி. செய்வதும் இதுதான். அங்கே கேள்வி வந்து சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம் இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்வதால் அங்கே காத்திருந்த நேரமும் கழிந்துவிடுகிறது. பையன் போகும்போது ஓடி, வரும்போது வேடிக்கை பார்த்தால் கணக்கு கொஞ்சம் தப்பும். அதற்காகத்தான் ஒரு முறையோடு நிறுத்தாமல் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை, போகப்போகக் கால் மணிக்கு ஒரு முறை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

படிநிலையும் உண்டு. எடையில் தலைமை அளவை டெல்லியில் இருக்க, அதோடு ஒப்பிட்ட அளவை மாநிலத்தில், அதோடு ஒப்பிட்டது ஆய்வாளர் கையில், கடைசியாக நமது கல் என்று இறங்கி வருவதைப் போலவே நேரத்திலும் வரிசை இருக்கிறது. அணுக் கடிகாரத்தோடு நேராக இணைந்தது முதல் படி. அதைக் கேட்பது இரண்டாம் படி. இப்படி 15 வரை போகும். 16 என்று ஒரு பெட்டி சொன்னால், எனக்கே நேரம் தெரியாது, என்னைக் கேட்காதே என்று பொருள்.

வளாகத்தில் இதை எப்படி அமைப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். வேலை செய்ய வரும் டெக்னீஷியனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

இணைய லைன் வந்து இறங்கும் தலைமை சுவிட்ச் ஒன்றை மட்டும் வெளியே நேரம் கேட்க விடுங்கள். அதுவும் ஒரே ஒரு இடத்தில் கேட்கக் கூடாது. இரண்டு இடத்தில் கேட்டு இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் எது பொய் என்று தெரியாது. மூன்று இருந்தால் இரண்டு பேர் சாட்சி ஒத்துப்போகும். நான்கு இருந்தால் ஒன்று படுத்துவிட்டாலும் பஞ்சாயத்து நடக்கும். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் தேசிய தகவலியல் மையமும் இதற்கான நேர வழங்கிகளை நடத்துகின்றன. அவற்றை முதலில் வைப்பதே முறை. மற்ற மாடிகளின் சுவிட்சுகள் வெளியே எட்டிப் பார்க்க வேண்டாம். தலைமை சுவிட்சைக் கேட்டால் போதும். முடிந்தால் இரண்டாவதாக ஒரு சுவிட்சையும் தலைமைக்குத் துணையாக வைக்கலாம். கடைகளின் டி.வி.ஆரும் பில் கம்ப்யூட்டரும் தத்தம் மாடி சுவிட்சைக் கேட்கட்டும். டி.வி.ஆரின் அமைப்புப் பக்கத்தில் என்.டி.பி. என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அந்த சுவிட்சின் எண்ணைப் போட வேண்டியதுதான். அந்த மாடி சுவிட்சுக்கு நேரம் வழங்கும் வசதி இல்லையென்றால் தலைமை சுவிட்சின் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு டி.வி.ஆரையும் நேராக இணையத்தில் விட்டால் என்ன என்று டெக்னீஷியன் கேட்பார். நேரத்துக்காக மட்டும் அந்தப் பெட்டியை ஊருக்குத் திறந்து வைக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. லைன் இரண்டு நாள் அறுந்து கிடந்தாலும் வளாகத்துக்குள் எல்லாப் பெட்டியும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்கு, வெளியில் யாரும் கிடைக்காதபோது தலைமை சுவிட்ச் தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டே நேரம் வழங்கும்படி அமைக்க முடியும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அப்போது அது தன்னை முதல் படி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால், தப்பான நேரத்தை வைத்துக்கொண்டே எல்லோரையும் தன் பின்னால் இழுத்துப் போய்விடும். எட்டு, பத்து என்று தாழ்ந்த படியைக் கொடுத்து வைத்தால், வெளியிலிருந்து சரியான நேரம் கிடைத்தவுடன் தானே ஒதுங்கிக்கொள்ளும்.

நம் நாட்டு நேரம் ஐந்தரை மணி என்று குறிக்க மறந்தால் எல்லாப் பதிவும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். சீன நேரத்துக்கு அமைத்தபடியே வந்த பெட்டியானால் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். கோடைகால நேரம் என்ற அமைப்பை மூடி வைக்கவும். மேல்நாட்டு வழக்கப்படி மார்ச்சில் ஒரு மணி நேரம் தானாகக் கூடிவிட்டால் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

முதல் முறை கையால் ஏறக்குறையச் சரியான நேரத்தை வைத்துவிட்டுத்தான் என்.டி.பி.யைத் தொடங்க வேண்டும். வித்தியாசம் ஆயிரம் நொடிக்கு மேல் இருந்தால், ஏதோ கோளாறு என்று நினைத்து வேலையையே நிறுத்திவிடும் மென்பொருள்கள் உண்டு. அந்த எச்சரிக்கை நமக்குப் பிடித்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று அரை மணி நேரத்தை ஒரே வீச்சில் மாற்றுகிற கடிகாரத்தை நம்ப முடியுமா?

எப்போது மாற்றுவது என்பதும் முக்கியம். வியாபார நேரத்தில் டி.வி.ஆர். கடிகாரத்தைப் பின்னே தள்ளினால், ஏற்கெனவே பதிவான அரை மணி நேரத்தின் மீது புதிய அரை மணி நேரம் வந்து விழும். இரண்டு 7.42 இருக்கும். கடை சாத்திய பிறகு மாற்றுங்கள். மாற்றும் முன் செல்போனையும் டி.வி.ஆர். திரையையும் பக்கத்தில் வைத்து, இன்ன தேதி, இன்ன மணிக்கு இத்தனை நிமிட வித்தியாசம் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நேற்றுவரை பதிவானவற்றின் உண்மையான நேரத்தை நாளைக்கு யாராவது கேட்டால் அந்த ஒரு வரிதான் பதில்.

வேலை முடிந்தது என்று டெக்னீஷியன் சொன்னவுடன் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கால் மணி நேரம் பொறுத்து, ஒவ்வொரு சுவிட்சிலும் நிலையைக் காட்டச் சொல்லுங்கள். பதினாறாம் படி என்று நின்றால் இன்னும் ஒட்டவில்லை. பல பெட்டிகளில் 377 என்று ஓர் எண் வரும். கடைசி எட்டு முறை கேட்டதற்கு எட்டு முறையும் பதில் கிடைத்தது என்பதன் அடையாளம் அது. அதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வெளியார் யாரும் நமது சுவிட்சிடம் நேரம் கேட்க முடியாதபடி அடைத்தாயிற்றா என்றும் கேளுங்கள். 2014 பிப்ரவரியில், காவல் இல்லாமல் திறந்து கிடந்த நேர வழங்கிகளையே ஆயுதமாக்கி, இணையத்தில் பெரும் தாக்குதல் ஒன்றை நடத்தினார்கள். தாக்குதலுக்குத் துணைபோன வழங்கிகளின் சொந்தக்காரர்கள் பலருக்கு அது நடந்ததே தெரியாது.

இதைவிட நுட்பமான பி.டி.பி. என்ற முறையை விற்க யாராவது வரலாம். நொடியைப் பத்து லட்சமாகக் கூறுபோடும் கணக்கு அது. பங்குச் சந்தைக்கும் மின்தொகுப்புக்கும் வேண்டும். நமக்கு ஒரு நொடி துல்லியம் தாராளம். உள் வலையில் என்.டி.பி. அதைவிடப் பல மடங்கு நன்றாகவே தரும். மிளகாய் மூட்டை எடை போட நகைக்கடைத் தராசு எதற்கு?

ஊருக்கு ஒரு நேரம் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வுக் கூடத்தின் கணக்குப்படி ஓடியது மதராஸ் நேரம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டது என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடெங்கும் ரயில்கள் அந்த மதராஸ் நேரத்தைத்தான் பின்பற்றின. ஊர்க் கடிகாரம் ஒன்று, ஸ்டேஷன் கடிகாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டு சரக்கு அனுப்பியவர்கள் பட்ட பாட்டை ஊகிக்கலாம். 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே நகர்ந்தன. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் நேரத்தை விடாமல் பிடித்திருந்தன. நாட்டில் தீர்ந்த அந்தக் குழப்பம் இன்று ஒவ்வொரு கடைக்குள்ளும் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று, கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் அவசரநிலைக் குழு ஓர் உத்தரவு போட்டது. இணைய சேவையாளர்களும் நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினிக் கடிகாரங்களை மேலே சொன்ன இரண்டு அரசு நேர வழங்கிகளோடோ, அவற்றோடு ஒத்துப்போகும் வழங்கிகளோடோ இணைக்க வேண்டும் என்றது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசமும் கொடுத்தது. நம் கடைவீதியில் எத்தனை பேர் காதில் இது விழுந்தது? பிறகு 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு வரைவை வெளியிட்டது. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழேயே நேரத்தையும் கொண்டுவரும் வரைவு அது. வணிகத்துக்கும் நிர்வாகத்துக்கும் இந்தியத் திட்ட நேரம் ஒன்றே செல்லும், மீறினால் தண்டனை, அவ்வப்போது தணிக்கை என்று அதில் இருந்தது. பிப்ரவரி 14 வரை கருத்துக் கேட்டார்கள். அகமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், ஃபரிதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து இடங்களின் அளவை ஆய்வகங்கள் வழியாக நேரத்தைப் பரப்புவது திட்டம்.

நோக்கத்தை நாம் முழு மனதோடு வரவேற்கிறோம். நாடு முழுக்க ஒரு கிலோ என்றால் ஒரு நொடியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தண்டனை, தணிக்கை என்ற சொற்கள் வரும்போது வணிகனின் வயிறு கலங்குகிறது. எடைக்கல்லில் குறை வைத்தால் அது வணிகன் கையில் உள்ள குற்றம். டி.வி.ஆருக்குள் படிகம் பிசகினால் அவன் என்ன செய்வான்? பெட்டியைத் திறந்து பார்க்கும் பாஸ்வேர்டுகூட அவனிடம் இல்லையே! மாட்டியவர் அதைக் கையோடு கொண்டுபோய்விட்டார். அவர் போன் எண்ணும் மாறிவிட்டது.

பொறுப்பு தயாரிப்பாளரிடமும் விற்பவரிடமும் தொடங்க வேண்டும் என்பதே நமது கருத்து. இதற்கு ஒரு பழைய கதை சாட்சி. நெட்கியர் என்ற அமெரிக்க நிறுவனம், வீடுகளுக்கும் சிறு கடைகளுக்குமான மலிவான ரவுட்டர்களுக்குள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நேர வழங்கி எண்ணை எழுதி வைத்து விற்றுவிட்டது. பதில் வராவிட்டால் நொடிக்கு ஒரு முறை கேட்கும்படியும் வைத்திருந்தது. 2003 மே மாதம் பல்கலைக்கழகத்தின் லைன் வெள்ளத்தில் மூழ்கியது போல் ஆனது. விற்கப்பட்ட பெட்டிகள் 7 லட்சத்துக்கும் மேல். வாங்கியவர்களில் யாருக்குமே தங்கள் பெட்டி இப்படி ஒரு வேலை செய்கிறது என்று தெரியாது. அவர்களைத் தண்டித்து என்ன பயன்? கடைசியில் நிறுவனம்தான் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தது.

ஆகவே அரசிடம் நமது வேண்டுகோள் இது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு டி.வி.ஆரும் சுவிட்சும் பில் இயந்திரமும் இந்தியத் திட்ட நேரத்துக்கு அமைக்கப்பட்டே பெட்டியிலிருந்து வெளியே வர வேண்டும். நேரம் பெறும் சேவை என்றைக்கும் இலவசமாக இருக்க வேண்டும். முத்திரைக் கட்டணம் போல் கடிகாரக் கட்டணம் என்று ஒன்றைத் தொடங்கவே கூடாது. விதி எந்த வடிவில் வந்தாலும் சிறு வணிகரிடம் முதல் முறை எச்சரிக்கை, அவகாசம், உதவி. அபராதம் அதற்குப் பிறகுதான். வேண்டுமென்றே நேரத்தை மாற்றியவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களுக்காக நாம் வக்காலத்து வாங்க மாட்டோம்.

நம்மவர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. நாலு கேமராவுக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தார் என்பதற்காக, பில்லே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இனி பொருத்தும் வேலைக்குப் பில் வாங்குங்கள். அந்தப் பில்லிலேயே மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள்: பாஸ்வேர்டு முதலாளி கையில் ஒப்படைக்கப்பட்டது, நேரம் எங்கிருந்து வருகிறது, எந்த நாட்டு நேரம் வைக்கப்பட்டிருக்கிறது. எழுதித் தர மறுப்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

வளாகங்களில் ஒவ்வொரு கடையும் தனித்தனியாக ஆள் தேடுவதை விட, கட்டடத்துக்கு ஒரு தலைமைக் கடிகாரமாகச் சங்கமே முன்னின்று செய்து முடிப்பது மலிவு. புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. இருக்கும் தலைமை சுவிட்சே போதும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்டிருக்கிறோம். விருப்பமுள்ள வளாகத்தார் தங்கள் கட்டடத்தில் எத்தனை சுவிட்ச், எத்தனை டி.வி.ஆர்., எந்தக் கம்பெனிப் பெட்டி என்று ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். பாஸ்வேர்டு தெரியாதவர்கள், மாட்டிக் கொடுத்தவரை இப்போதே தேடத் தொடங்குவது நல்லது. அந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.